பியூலா டீச்சரின் பாடு

செய்தி வந்தபோது நான் வண்ணாரப்பேட்டையில் ஒரு மழைக்கோட்டுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் இறங்கி வருகிற நேரம் பார்த்துப் போன் அடித்தது. காத்திவாக்கம் குப்பத்துச் செல்வி. ஆற்றுச் சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கிறவர். மழைக்காலம் தவிர மற்ற நாளில் என்னைக் கூப்பிட அவருக்கு ஒரு காரணமும் கிடையாது.

"சார், டீச்சரு பூட்டாங்க சார்."

எந்த டீச்சர் என்று நான் கேட்கவில்லை. செல்விக்கு ஒரே டீச்சர்தான். காலையில் காப்பி போட அடுப்பைப் பற்றவைத்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரி போகிற வழியில் கண்டெய்னர் லாரி வரிசையில் ஆட்டோ நின்றபோதே எல்லாம் முடிந்துவிட்டது. இதையெல்லாம் அழுதுகொண்டே சொன்ன செல்வி, மூக்கை உறிஞ்சிவிட்டுக் கேட்டார்: "நாளிக்கி அவுங்க பாடு சார். பலகைக்கு யாரு நிப்பாங்க?"

இதை வாசிக்கிற வெளியூர்க்காரர்களுக்கு, வெள்ளப் பலகையைக் காக்கும் முறை பற்றிய அந்தக் கேள்வி கல்நெஞ்சமாகத் தோன்றலாம். டீச்சரைத் தெரிந்த காலனிக்காரர்களான உங்களுக்குத் தோன்றாது. வேறு யாராவது இறந்து, அவர் உயிரோடு இருந்திருந்தால், கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலில் இதைத்தான் கேட்டிருப்பார். நான் மழைக்கோட்டைக் கடையிலேயே வைத்துவிட்டு மெட்ரோவுக்கு நடந்தேன்.

பியூலா டீச்சரும் நானும் திருவொற்றியூரில் ஒரே மேல்நிலைப் பள்ளியில் வேலை பார்த்தவர்கள். அவர் விலங்கியல், நான் கணக்கு. அவருடைய சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். கணவர் ஜெபராஜ் அண்ணாச்சிக்கு வண்ணாரப்பேட்டையில் மொத்த விலைப் பாத்திரக் கடை. பாத்திரக் கடைக்காரர் மனைவி பாத்திரம் வாங்குவதே இல்லை, ஏனென்றால் வீட்டில் இருக்கிற எல்லாப் பாத்திரத்திலும் ஏதாவது நீந்திக்கொண்டிருக்கிறது என்று ஆசிரியர் அறையில் ஒரு கிண்டல் உண்டு. அதைக் கிளப்பிவிட்டவன் நான்தான். ஒரே காலனியில் குடியிருந்ததால் எனக்கு அது நேரில் தெரியும்.

வெளியூர்க்காரர்களுக்காக எங்கள் காலனியின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். கொசஸ்தலை ஆறு எண்ணூர் முகத்துவாரத்தை நெருங்கும் இடத்தில், கரையிலிருந்து சற்றுத் தள்ளி எங்கள் வீடுகள். ஆற்றுக்கும் வீடுகளுக்கும் நடுவே ஒரு பெரிய பள்ளம். கோடையில் அங்கே பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள், மாடு மேயும். பள்ளத்துக்கும் ஆற்றுக்கும் இடையில் மேடாக ஒரு சாலை போகிறது. அந்தச் சாலைக்கு அடியில் தண்ணீர் போகவர ஒரே ஒரு திறப்பு. ஒற்றைக்கண் பாலம் என்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஆறு பெருகினால் அந்தக் கண் வழியாகத்தான் வெள்ளம் பள்ளத்துக்குள் வரும், பள்ளம் நிறைந்தால் எங்கள் வாசலுக்கு வரும். முதல் வரிசையில் கடைசி வீடு, எல்லாவற்றிலும் தாழ்ந்த வீடு, டீச்சருடையது.

அந்தப் பள்ளத்தைப் பற்றி நான் முதன்முதலில் யோசித்தது ஒரு பிளாஸ்டிக் பேசினால். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம், டீச்சர் ஆசிரியர் அறை ஜன்னலோரம் ஒரு பேசினைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே பள்ளத்திலிருந்து பெயர்த்த சேற்றுக் கட்டிகள், வறட்டி போலக் காய்ந்து வெடித்தவை. முந்தின நாள் பெய்த கோடை மழையைக் குடத்தில் பிடித்துவைத்திருந்தார். அதை மேலே ஊற்றினார். குழாய்த் தண்ணீர் ஆகாதாம், மருந்து கலந்திருக்குமாம்.

"என்ன டீச்சர், சேற்றுக்குத் தண்ணீர் ஊற்றிச் சேறு பண்ணுகிறீர்களா?" என்றேன்.

"தெரியல சார். பாப்போம்."

அவர் அதிகம் சொன்ன வாக்கியம் இதுதான். முப்பது வருஷம் பாடம் எடுத்தவர் மாணவர்கள் முன்னாலேயே தெரியல என்று சொல்வது எனக்கு அப்போது ஒவ்வாது. கணக்கில் அப்படிச் சொன்னால் வகுப்பு கையை விட்டுப் போய்விடும். அவர் வகுப்பில் அந்த வார்த்தையைக் கேட்டதும் பிள்ளைகள் பெஞ்சு நுனிக்கு வந்துவிடுவார்கள்.

முதல் நாள் நுரை. மறுநாள் வாடை. அதற்கடுத்த நாள் நான் வேண்டுமென்றே அந்தப் பக்கம் போகவில்லை, ஆனால் மாலையில் போய்ப் பார்த்தேன். தண்ணீரில் தூசி துள்ளிக்கொண்டிருந்தது. டீச்சர் தன் கைவிளக்கையும் பூதக்கண்ணாடியையும் தந்தார். தூசி இல்லை. கடுகை விடச் சிறிய உயிர்கள், தெள்ளுப்பூச்சி போலத் துள்ளுகின்றன. இன்னும் சில நாளில், கண்ணாடி போன்ற உடம்போடு, மல்லாந்து நீந்துகிற ஒன்று, நிறையக் கால்களைச் சீப்பு மாதிரி அசைத்துக்கொண்டு போயிற்று. யாரும் அதை அங்கே விடவில்லை. வெயிலில் அத்தனை மாதம் வெந்த மண்ணுக்குள் முட்டையாகக் கிடந்திருக்கிறது.

"மேல மாடு மேயும், பையங்க பந்து விளையாடுவாங்க. கீழ இதுங்க தூங்கிட்டிருக்கும் சார். தண்ணி பட்டதும் எந்திரிச்சிரும். சாணியும் காஞ்ச புல்லும் ஊறி, அதுல பாசி பிடிக்கும். அதை இதுங்க தின்னும். அந்த நேரம் பாத்து ஆத்துலேந்து மீன் உள்ள வந்து முட்டை போடும். குஞ்சு பொரிச்சா வாய்க்கு எதிர்ல சாப்பாடு ரெடி. பாத்தியளா?"

ஆச்சரியம் மிகும்போது மட்டும் அவர் பேச்சில் சொந்த ஊர் எட்டிப் பார்க்கும். "ஆற்றுக்குள்ளேயே முட்டை போட்டால் என்ன?" என்று கேட்டேன். "போடுற மீனும் இருக்கு. ஆனா ஆத்துல இழுப்பு அதிகம், ஒதுங்க இடம் கிடையாது, பெரிய மீன் எல்லாம் வாயைத் தொறந்துகிட்டு நிக்கும். பள்ளத்துல தண்ணி ஆழமில்ல, சூடா இருக்கும், புல்லுக்குள்ள ஒளிஞ்சுக்கலாம். நமக்கு வெள்ளம் சார். அதுங்களுக்கு அட்மிஷன் சீசன்."

அந்த வாரம் கொசு மருந்து அடிக்க வந்த ஊழியர் பேசினைப் பார்த்து அதிர்ந்து போனார். "இன்னா மேடம் இது? கொசுவுக்கு வூடு கட்டிக் குட்து வச்சிகீறீங்க?" டீச்சர் பூதக்கண்ணாடியை நீட்டினார். அவர் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு வாசலில் நின்ற கூட்டாளியைக் கத்திக் கூப்பிட்டார்: "மாமு, இங்க வந்து பாரேன், படுத்துக்கினே நீந்துது!" இருவரும் கிளம்பும்போது, மேலே வலைத்துணி போட்டு மூடிவைக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். டீச்சர் அன்றே மூடினார்.

ஆறு எது என்பதில் அவருக்கும் எனக்கும் நெடுநாள் வழக்கு உண்டு. வரைபடத்தில் நீலக் கோடு போட்டிருக்கிறதே அதுதான் ஆறு என்பது என் கட்சி. "கார்த்திகையில அது எது வரைக்கும் வருதோ, அது வரைக்கும் ஆறு சார். மத்த மாசம் கைகாலைச் சுருக்கிக்கிட்டுப் படுத்திருக்கு, அவ்வளவுதான்" என்பார். அப்படியென்றால் உங்கள் சமையலறையும் ஆறுதான் என்று மடக்கினேன். "ஆமா. அதுக்குத்தான் வீட்டு வரி கட்டுறேன்" என்றார். இந்த மாதிரி ஆளோடு எப்படி வாதாடுவது?

சிரித்துக்கொண்டே சொன்னாரே தவிர அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று அவருக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். வெள்ளம் உள்ளே வந்த இரவுகளில் நாம் கட்டிலைச் செங்கல் வைத்து உயர்த்தியவர்கள், பிரிட்ஜைக் கயிறு கட்டித் தூக்கியவர்கள். நம் சங்கச் செயலாளர் கோவிந்தன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், படுத்த படுக்கையாயிருந்த தன் அம்மாவைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக ஏறியதை நாம் பார்த்திருக்கிறோம். எனவே ஒரு புரட்டாசியில் அவர் சங்கக் கூட்டத்தைக் கூட்டி, ஒற்றைக்கண்ணைச் செங்கல் வைத்து அடைத்துவிடலாம் என்று சொன்னபோது அதில் ஒரு தப்பும் தெரியவில்லை.

டீச்சர் மட்டும் எழுந்தார். பள்ளத்துக்கு வெள்ளம் வேண்டும் என்றார்.

"இன்னா டீச்சர் பேசறீங்க? வூட்டுக்குள்ள தண்ணி வந்துகினு கீது, நீங்க மீனுக்கு வக்காலத்து வாங்கினு கீறீங்களே!"

"முதல்ல என் வீட்டுக்குள்ளதான் வருது கோவிந்தன். எனக்குத் தெரியாதா? வெள்ளம்னா வர்றது மட்டும் இல்ல, போறதும்தான். கண்ணை அடைச்சா ரெண்டும் நின்னு போகும்."

கை தூக்கச் சொன்னார்கள். எண்ணுகிற வேலை கணக்கு வாத்தியாருக்கு. அடைக்க வேண்டும் என்று தூக்கிய கைகளில் ஜெபராஜ் அண்ணாச்சியுடையதும் ஒன்று. டீச்சர் அந்தக் கையைப் பார்த்தார். அன்று வீட்டில் சாப்பாடு போட்டாரா என்று மறுநாள் அண்ணாச்சியிடம் விசாரித்தேன். போட்டாராம், மீன் குழம்பு.

சுவர் எழும்பியது. கார்த்திகையில் மழை பிடித்தது. ஆறு பெருகி வந்து சுவரில் முட்டியது, உள்ளே ஒரு சொட்டு வரவில்லை. கோவிந்தன் எல்லாருக்கும் டீயும் போண்டாவும் வாங்கிக் கொடுத்தார். மழை விடவில்லை. நம் வீட்டுக் கூரைத் தண்ணீர், தெருத் தண்ணீர், அடுத்த நகரின் கால்வாய்த் தண்ணீர் எல்லாம் பள்ளத்தில்தான் வந்து விழவேண்டும். விழுந்தது. வெளியே போக வழியில்லை. மூன்று பக்கமும் நம் வீடுகள், நான்காவது பக்கம் நாமே கட்டிய சுவர். ஆற்றுக்குப் பயந்து கதவைச் சாத்திய நாம், நம் தலையில் விழுகிற மழையை எண்ணவில்லை. சுவருக்கு அந்தப்புறம் ஆறு வடிந்து சேறு தெரிந்தது. இந்தப்புறம் இரண்டாவது வரிசை வீடுகளிலும் தண்ணீர் ஏறியிருந்தது.

நின்ற தண்ணீர் சில நாளில் கடுங்காப்பி நிறமாயிற்று. புல் அழுகி, தண்ணீரில் இருந்த பிராணவாயுவை உறிஞ்சிவிட்டது. கால்வாய்த் தண்ணீரோடு வந்து உள்ளே சிக்கியிருந்த மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பிறகு வெள்ளை வயிறு தெரிய மிதந்தன. அந்த நாற்றத்தை எழுதிக் காட்ட முடியாது. சைவச் சாப்பாட்டுக்காரனான நான் மூன்று வேளையும் வாழைப்பழத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

அப்போதுதான் செல்வி வந்து டீச்சரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். பின்னாலேயே நானும் போனேன். சாலையில் ஏறி, ஆற்றுப் பக்கம் இறங்கிப் பார்த்தோம். சுவரின் அடியில் ஒரு விரிசல். அதன் வழியாக உள்ளேயிருந்து நூல் மாதிரி தண்ணீர் கசிந்து ஆற்றில் விழுந்துகொண்டிருந்தது. அந்த நூலைச் சுற்றி மீன்கள் மொய்த்திருந்தன. கெளுத்தி, கெண்டை, எனக்குப் பேர் தெரியாத பல. ஒன்றன் மேல் ஒன்று ஏறி, சுவரில் மூக்கை இடித்து, விலகி, மறுபடி வந்து இடித்தன.

"உள்ள போவணும்னு நிக்குதுங்க" என்றார் செல்வி. "நாலு நாளா பாத்துகினு கீறேன். வலை போட்டா ஒரே வாரு. மனசு வர்ல."

"வழி அடைத்திருக்கிறது என்று அதற்குத் தெரியாதா?" என்று நான் கேட்டேன்.

"மழைத்தண்ணி வாசனை தெரியும் சார். சுவர் தெரியாது" என்றார் டீச்சர். அவர் அழுததை நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

திரும்பி வந்து கோவிந்தனிடம் ஒன்றும் வாதாடவில்லை. வந்து பாருங்கள் என்று மட்டும் சொன்னார். கோவிந்தன் போய்ப் பார்த்தார். வந்ததும் வீட்டிலிருந்து கடப்பாரையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். "கட்டினவனே இடிக்கிறேன், யாரும் ஒண்ணும் பேசாதீங்க" என்றார். கடல் இறங்குகிற வற்றுநீரில் இரண்டு நாளில் பள்ளம் பாதி வடிந்தது.

அடுத்து என்ன செய்வது என்பதுதான் சிக்கல். திறந்தே கிடந்தால் பெருவெள்ளமும் கடலின் ஏற்றநீரும் சேர்ந்து வீட்டுக்குள் வரும். மூடியே இருந்தால் என்ன ஆகும் என்று பார்த்தாயிற்று. பாலக் கண்ணின் இரு ஓரமும் காடி வெட்டிப் பலகை செருகலாம், கடல் ஏறும்போது போடலாம், இறங்கும்போது எடுக்கலாம் என்றார் கோவிந்தன். சரி, யார் நிற்பது? காலனிக்காரர்கள் நின்றால் பலகையை எடுக்கவே மாட்டார்கள் என்று குப்பத்துக்குச் சந்தேகம். குப்பத்துக்காரர்கள் நின்றால் போடவே மாட்டார்கள் என்று காலனிக்குச் சந்தேகம்.

செல்விதான் வழி சொன்னார். ஆற்றில் வலை கட்ட நல்ல இடங்கள் கொஞ்சம்தான், ஆட்கள் அதிகம். அதனால் குப்பங்களில் முறை வைத்துக்கொள்வார்கள். இன்று இந்த வீட்டுக்கு, நாளை அந்த வீட்டுக்கு. அந்த முறைக்குப் பெயர் பாடு. அவரவர் பாட்டில் அவரவர் இறங்குவார்கள், மற்றவர் வாய் திறக்கக் கூடாது. "அதே மாரி இதுக்கும் பாடு போட்டுக்கலாம் சார். ஒரு நாளு எங்க வூடு, ஒரு நாளு உங்க வூடு." டீச்சர் கைதட்டினார். கூட்டத்தில் கைதட்டிய ஒரே ஆள் அவர்தான். ஆனாலும் நிறைவேறியது.

ஒரே ஒரு விதியை டீச்சர் சேர்த்தார். வருஷத்தின் முதல் வெள்ளத்தைத் தடுக்கக் கூடாது. அதுதான் மண்ணை எழுப்புகிற தண்ணீர், அதோடுதான் மீன் ஏறும். எது வரைக்கும் விடுவது என்று கோவிந்தன் கேட்டார். அளவு வேண்டுமே?

"எங்க வீட்டுக்கு மூணு படி இருக்கு. ரெண்டாம் படி நனையற வரைக்கும் பலகை போடக் கூடாது."

"நம்ம படியா?" என்று ஜெபராஜ் அண்ணாச்சி அலறினார். "ஊர்ல வேற படியே கிடைக்கலியா உனக்கு?"

"நம்ம வீடுதானே பள்ளத்துல இருக்கு. மேட்டு வீட்டுக்காரங்க படியை வச்சா எல்லாரும் முழுகிருவாங்க."

அன்றிலிருந்து நம் காலனிக்கு அளவுகோல் டீச்சர் வீட்டு இரண்டாம் படி. தன் வாசலை அளவாக வைத்தபின் அவரை எதிர்த்து யாரும் பேச முடியவில்லை. அவர் அதைத் தெரிந்துதான் செய்தார் என்பது என் கணிப்பு.

இதனால் ஆறு செழித்துவிட்டது என்று எழுதினால் டீச்சரே எழுந்து வந்து அடித்துவிட்டுப் போவார். ஆற்றில் சாம்பலும் எண்ணெயும் கழிவும் சேர்வது நிற்கவில்லை. ஒரு கண் பாலம் எத்தனையைத் தாங்கும்? அடுத்த தை மாதம் பள்ளத்துத் தண்ணீர் வடிகிறபோது, விரல் நீளக் குஞ்சுகள் மின்னிக்கொண்டு ஆற்றுக்குள் இறங்கியதைப் பார்த்தோம். இறால் எப்படி என்று செல்வியைக் கேட்டேன். "கீது சார். முன்ன மாரி இல்ல. ஆனா கீது."

பாடு நாட்களில் டீச்சரோடு போய் நிற்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு வேறு வேலை என்ன? பலகையைச் செருகக் குனிந்தால் தடுப்பார். "தொடுறதுக்கு முந்திக் கொஞ்ச நேரம் தண்ணியைப் பாருங்க சார். என்ன செய்யப் போகுதுன்னு அதுவே சொல்லும்." எனக்கு அது ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் பார்க்கப் பார்க்க, இழுப்பு தளர்வது, நுரை திரும்புவது, சருகு ஒரு கணம் நின்று எதிர்ப்பக்கம் நகர்வது எல்லாம் பிடிபட ஆரம்பித்தது.

ஒருமுறை அவரும் செல்வியும் ஒரு டீக்குப் பந்தயம் கட்டினார்கள். வெள்ளத்தோடு முதலில் உள்ளே நுழைவது கெளுத்தி என்றார் டீச்சர், மடவை என்றார் செல்வி. இருவரும் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள், இரண்டும் எனக்கு நியாயமாகவே பட்டது. மூவரும் குந்தி உட்கார்ந்து காத்திருந்தோம். முதலில் வந்தது ஒரு தண்ணீர்ப் பாம்பு. இருவரும் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் ஒவ்வொரு வருஷமும் பார்த்தோம். ஒரு வருஷம் போல ஒரு வருஷம் இல்லை. ஏன் என்று கேட்டால் அதே பதில்தான். தெரியல சார், பாப்போம்.

இனி அந்தக் கடைசி நாளுக்கு வருகிறேன்.

மகன் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும் என்பதால் மறுநாள் மதியம் அடக்கம் என்று முடிவாயிற்று. இரவெல்லாம் மழை. மேலே ஏரியைத் திறந்துவிட்டார்கள் என்று விடியும்போது செய்தி வந்தது. இந்த வருஷத்தின் முதல் வெள்ளம். டீச்சருடைய பாடு. நான் போய்ப் பாலத்தில் நின்றேன். செல்வி ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அழுத முகத்தோடு. ஆறு கலங்கலாக ஏறிக்கொண்டிருந்தது, இன்னும் உள்ளே பாயத் தொடங்கவில்லை. கண்ணுக்கு வெளியே தண்ணீர் கொதிப்பது போல் தெரிந்தது.

"நிக்குதுங்க சார்" என்றார் செல்வி.

சற்று நேரத்தில் கோவிந்தன் ஓடி வந்தார். "சார், இன்னிக்கி ஒரு நாளு பலகையப் போட்டுடலாம் சார். ஊர்லேந்து சொந்தக்காரங்க வந்துகினு கீறாங்க, படிச்ச புள்ளைங்க எல்லாம் வருதுங்க. சாவு வூட்டு வாசல்ல தண்ணி நின்னா எப்டி? டீச்சரை எப்டி சார் தூக்கினு போறது?"

டீச்சர் மேல் அவருக்கிருந்த மரியாதைதான் அப்படிப் பேசியது. செல்வி கோவிந்தனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்தவர் பாட்டில் வாய் திறக்கக் கூடாது. நான் பலகையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். உண்மையைச் சொன்னால், போட்டுவிடத்தான் தோன்றியது. ஒரு நாள்தானே, அவருக்காகத்தானே. பிறகு பழக்கதோஷத்தில் தண்ணீரைப் பார்த்தேன். அது வழக்கம்போல் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு அண்ணாச்சியைக் கேட்கப் போனேன்.

முன்னறையில் கண்ணாடிப் பெட்டியை பெஞ்சுகள் மேல் உயர்த்தி வைத்திருந்தார்கள். அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். எழுந்து வாசலுக்கு வந்தார். பந்தலுக்கு அடியில் தண்ணீர் நுழைந்து நாற்காலிக் கால்களைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"எந்தப் படி சார்?"

"முதல் படி."

அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "ரெண்டாம் படி நனையட்டும். அவ சொன்ன அளவு அதுதானே." பிறகு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ஒரு தடவை அவளுக்கு எதிரா கை தூக்கிட்டேன் சார். இன்னொரு தடவை வேண்டாம்" என்றார்.

பாலத்துக்குத் திரும்பி, திறந்தே இருக்கட்டும் என்றேன். செல்வி சேறென்றும் பாராமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கோவிந்தன் எதிர்க்கவில்லை. பேன்ட்டை முட்டி வரை சுருட்டிக்கொண்டு பந்தலுக்குப் போய் நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தார்.

மகன் வந்து சேர்ந்தார். போதகர் வந்தார், காலணியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு. தெற்கேயிருந்து வந்த உறவுக்காரப் பெண்கள் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டார்கள். பழைய மாணவர்கள், இப்போது எவ்வளவோ பெரிய வேலைகளில் இருப்பவர்கள், கணுக்கால் தண்ணீரில் நின்றார்கள். ஜெபம் தொடங்கியது. பாதியில் ஒரு மாணவி சின்னதாகக் கத்திவிட்டுத் தன் காலடியைப் பார்த்தாள். கெளுத்தி ஒன்று அவள் பாதத்தை உரசிக்கொண்டு போயிற்று. அதன் பின்னால் இன்னொன்று. பின் ஒரு கூட்டமே, மீசையை முன்னால் நீட்டி, பந்தல் கால்களுக்கு நடுவே வளைந்து, வேலியோரப் புல்லுக்குள் நுழைந்தது. போதகர் கண்ணைத் திறந்து கீழே பார்த்தார், ஜெபத்தை நிறுத்தாமல். தூரத்தில் சாலையில் போனவர்கள், நாங்கள் துக்கத்தில் தலை குனிந்து நிற்கிறோம் என்று நினைத்திருப்பார்கள். நாங்கள் எல்லாரும் மீன் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இரண்டாம் படி நனைந்தபோது கோவிந்தனும் நானும் போய்ப் பலகையைச் செருகினோம். டீச்சரைத் தோளில்தான் தூக்கிக்கொண்டு போனார்கள், சாலை வரை தண்ணீருக்குள் நடந்து. கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியபோது கடல் இறங்கத் தொடங்கியிருந்தது. யாரும் சொல்லாமலே கோவிந்தன் பாலத்தில் இறங்கிப் பலகையை எடுத்தார்.

அண்ணாச்சி இனி கடைக்கு மேலேயே தங்கிக்கொள்ளப் போகிறார். வீட்டை என்ன செய்வது என்று மகன் இன்னும் சொல்லவில்லை. யார் வந்தாலும் அந்த மூன்று படிகளை உடைக்கக் கூடாது என்று சங்கத்தில் பேசி முடித்துவிட்டோம். பூதக்கண்ணாடி செல்வியிடம் இருக்கிறது. நான்தான் கொடுக்கச் சொன்னேன். எனக்கு வேண்டியதைத் தனியாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

முறைப்படி, ஆள் இல்லாத வீட்டின் பாடு அடுத்த வீட்டுக்குப் போகவேண்டும். யாருக்குக் கொடுப்பது என்று கோவிந்தன் கேட்டபோது எனக்கு என்றேன். "சார், உங்களுக்கு ஏற்கெனவே ஒண்ணு கீதே" என்றார். இருக்கட்டும் என்றேன். வெள்ளத்தோடு முதலில் நுழைவது எது என்று இந்த வருஷமும் தெரியவில்லை. அது உள்ளே பாய்ந்த நேரம் செல்வி கோவிந்தனையும் என்னையும் பார்த்துக்கொண்டிருந்தார், நான் பலகையைப் பிடித்துக்கொண்டு யோசித்ததில் அந்த நேரத்தைத் தவறவிட்டுவிட்டேன்.

மழைக்கோட்டை மறுபடி போய் வாங்கிவிட்டேன். இந்த மழை ஓய்வதற்குள் எனக்கு இன்னும் இரண்டு பாடு வரும். ஒன்று என்னுடையது. மற்றது டீச்சருடையது. அன்றைக்குப் பலகையைத் தொடுவதற்கு முன் கொஞ்சம் கூடுதலான நேரம் பார்ப்பேன்.